ஏகமனதாக ஒரு முட்டை

கொழும்புத்துறையில் லூர்த்தம்மாவின் வீட்டில் என்ன சமைப்பதென்று யார் தீர்மானிக்கிறார்கள் என்ற கேள்வி, ஜெயனி வந்து கேட்கும்வரைக்கும் அந்தக் குசினிக்குள் நுழைந்ததே இல்லை. அடுப்பு இருந்தது, சட்டி இருந்தது. கடல் ஏதும் தந்தால் கறி இருந்தது, தராத நாளில் சம்பல் இருந்தது. இதற்குள் தீர்மானம் என்ற ஒன்று எந்த மூலையில் குந்தியிருக்கிறது என்று லூர்த்தம்மா ஒருநாளும் தேடிப் பார்த்ததில்லை.

ஜெயனி வட்டுக்கோட்டைப் பிள்ளை. படித்த, பண்பான பிள்ளை. குடும்ப உணவுத் தீர்மான மேம்பாட்டு நடுவத்தின் வெளிக்கள உத்தியோகத்தர். வறிய குடும்பங்கள் ஏன் சத்தாகச் சாப்பிடுவதில்லை என்று அந்த நடுவம் பட்டணத்தில் ஒரு மாடிவீட்டில், நல்ல குளிரில் இருந்து நெடுங்காலம் ஆராய்ந்து, கடைசியில் காரணத்தைக் கண்டுபிடித்திருந்தது. அந்தச் சனத்துக்குத் தீர்மானம் எடுக்கத் தெரியாது. சாப்பாடு இல்லாததும் ஒரு காரணமாக இருக்கலாமே என்று யாரோ ஒருவர் கூட்டத்தில் சொன்னாராம். அது ஆய்வின் எல்லைக்கு வெளியே என்று அவருக்கு அன்பாக விளங்கப்படுத்தி, அடுத்த கூட்டத்துக்கு அவரைக் கூப்பிடாமல் விட்டுவிட்டார்கள்.

"அம்மா, இந்த வீட்டிலை சாப்பாட்டைப் பற்றி ஆர் முடிவெடுக்கிறது?" என்று ஜெயனி கேட்டாள்.

"ஆர் எடுக்கிறது, தங்கச்சி? அவர் கடலாலை வருவார். நல்ல மீனை வியாபாரியிட்டைக் குடுப்பம். மிஞ்சின சூடையோ ஓராவோ கறிக்கு வரும். அதைக் காய்ச்சிறன்."

"அப்ப முடிவெடுக்கிறது நீங்கள்?"

"நான் என்னண்டு எடுக்கிறது? சூடை வந்தால் சூடை."

"அப்ப ஐயாவோ?"

வாசலில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த சூசைதாசன் தலையை நிமிர்த்தாமலே சொன்னார்: "என்னட்டைக் கேக்காதேங்கோ. நான் போட்டதைத் தின்னுறவன்."

ஜெயனி கவலையோடு எதையோ குறித்துக்கொண்டாள். "உங்கடை வீட்டிலை ஒரு தீர்மான வெற்றிடம் இருக்கு, அம்மா" என்றாள். லூர்த்தம்மா வீட்டை ஒருமுறை சுற்றிப் பார்த்தாள். காலமைதான் கூட்டினவள், அப்படி ஒன்றும் கண்ணில் படவில்லை.

வேறு நேரமாக இருந்தால், "எனக்கு அலுவல் கிடக்கு" என்று பிள்ளைக்கு ஒரு தேத்தண்ணி குடுத்து அனுப்பியிருப்பாள். ஆனால் மகள் ஜெசிதா ஏழு மாதப் பிள்ளைத்தாச்சி. இரத்தம் காணாது, உடம்புக்குப் போதாது என்று கிளினிக்கில் தாதி மிஸி சொல்லிவிட்டா. கிணற்றடியில் இருந்து குசினிக்கு ஒரு வாளி தண்ணி கொண்டுவர, களைத்து நடுவழியில் ஒருக்காக் குந்தி எழும்புவாள். முகம் வெளுத்த துணி மாதிரி இருந்தது. "முட்டை, ஈரல், கீரை, மீன், எல்லாம் குடுங்கோ. உப்பிடியே நிண்டால் ஆசுப்பத்திரியிலை மறிச்சுப்போடுவினம். பேறு நேரத்திலை தாய்க்கும் ஆபத்து, பிள்ளைக்கும் ஆபத்து" என்று மிஸி சொன்ன நாள்தொட்டு, லூர்த்தம்மாவின் நெஞ்சுக்குள் இருந்தது அது ஒன்றுதான்.

குடுக்காமலும் இல்லை. நல்ல துண்டொன்று சட்டிக்குள் வந்தால் ஜெசிதாவின் பீங்கானில் வைப்பாள். ஜெசிதா அதை எடுத்து, "கடலுக்குப் போற மனுசன்" என்று புருசன் றஜிந்தனின் பீங்கானில் வைப்பாள். றஜிந்தன், "மாமி ஒண்டும் தின்னேல்லை" என்று லூர்த்தம்மாவிடம் தள்ளுவான். லூர்த்தம்மா அதைத் திரும்ப மகளிடம் வைப்பாள். இப்படி அந்தத் துண்டு வீட்டைச் சுற்றிச் சுற்றி, கடைசியில் சூசைதாசனிடம் வந்து சேரும். அவர் ஒரு கதையும் இல்லாமல் தின்றுவிட்டுக் கையைக் கழுவுவார்.

ஆகவே, பிள்ளைத்தாச்சிக்கு முட்டை, பிள்ளை பிறந்தபிறகு இரண்டு வயதுவரைக்கும் தாய்க்கும் பிள்ளைக்கும் சத்துணவு என்று ஜெயனி சொன்னதும், லூர்த்தம்மா கேள்வி கேட்காமல் "ஓம்" என்றாள். கையெழுத்தும் வைத்தாள். நிபந்தனைகளை ஜெயனி பிறகுதான் விளங்கப்படுத்தினாள்.

முட்டையைச் சும்மா தின்னக்கூடாது. ஒவ்வொரு முறையும் குடும்பம் கூடி, வளர்ந்த ஆட்கள் எல்லாரும் இருந்து, ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேற்ற வேண்டும். பிறகு ஜெயனிக்குச் சொன்னால் அவள் வந்து பெட்டியைத் திறந்து முட்டை தருவாள். ஆய்வு முடியும்வரை வெளி முட்டை ஒன்றும் வீட்டுக்குள் வரக்கூடாது, வந்தால் முடிவுகள் கலங்கிப்போகும்.

வெளி முட்டை என்றது பக்கத்து வளவு ஐரிஸ் அக்காவின் கோழி இடுகிற முட்டையை. கிழமைக்கு ஒன்றோ இரண்டோ ஐரிஸ் அக்கா வேலிக்கு மேலாலை நீட்டுவா. அன்று பின்னேரம் நீட்டினபோது லூர்த்தம்மா இரண்டு கையையும் பின்னாலை கட்டிக்கொண்டு நின்றாள். "வேண்டாம் அக்கா. உது ஆய்வைக் கலக்கிப்போடுமாம்."

"என்ரை பேடு ஆரையும் கலக்காது" என்று ஐரிஸ் அக்கா கோபித்துக்கொண்டு போய்விட்டா.

பெட்டி மறுநாள் வந்தது. வெள்ளை நிறம், முன்பக்கத்தில் பொன் வட்டமாக நடுவத்தின் சின்னம், அதற்குக் கீழே சின்னப் பூட்டு. திறப்பு ஜெயனியின் கழுத்துச் சங்கிலியில். எறும்பு ஏறாத இடம் வீட்டில் ஒன்றுதான் இருந்தது. அது திருஇருதயப் படத்துக்குக் கீழ் இருந்த தட்டு. லூர்த்தம்மா பெட்டியை அங்கே வைத்தாள். படத்துக்கு ஏற்றின விளக்கு பெட்டிக்கும் எரிந்தது. கோபம் தணிந்து வந்த ஐரிஸ் அக்கா, வெள்ளைப் பேழையையும் விளக்கையும் கண்டு வாசலிலேயே முழந்தாள் இட்டுச் சிலுவை போட்டுக்கொண்டா. "உள்ளை என்ன?" என்று மெல்லக் கேட்டா. "முட்டை" என்றாள் லூர்த்தம்மா. ஐரிஸ் அக்கா எழும்புவதா விடுவதா என்று தெரியாமல் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தா.

முதல் கூட்டம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. "தொடக்கம், கருத்துரை, தீர்மானம், நிறைவு" என்று ஜெயனி சொல்லிக் குடுத்திருந்தாள். லூர்த்தம்மாவுக்குத் தெரிந்த கூட்டம் ஒன்றே ஒன்று, கோயிலால் வீடு வீடாக வைக்கிற அன்பியக் கூட்டம். அந்த ஒழுங்கிலேயே நடத்தினாள். முதலில் ஒரு பாட்டு. பிறகு றஜிந்தன் அப்பம் பலுகின வாசகத்தை வாசித்தான். எல்லாரும் கொஞ்ச நேரம் மௌனமாக இருந்தார்கள். பிறகு லூர்த்தம்மா கையைக் குவித்து, "எங்கள் மகள் ஜெசிதாவுக்கு இன்றைக்கு ஒரு முட்டை கிடைக்கவேண்டுமென்று, ஆண்டவரே உம்மை மன்றாடுகிறோம்" என்றாள்.

"ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்று மற்ற மூன்று பேரும் ஒரே குரலில் சொன்னார்கள்.

ஜெயனியின் கண் கலங்கிப்போனது. ஏகமனது என்றால் இதுவல்லோ ஏகமனது. கைத்தொலைபேசியில் படம் பிடித்து நடுவத்துக்கு அனுப்பினாள். நடுவம் அதற்குக் 'கொழும்புத்துறை முறை' என்று பெயர் வைத்து, மற்ற ஊர்களுக்கும் அதையே கட்டாயமாக்கியது. பண்டத்தரிப்பில் திருநீறு பூசின தோட்டக்காரக் குடும்பங்கள், முருங்கையிலைக் கட்டை நடுவில் வைத்துக்கொண்டு, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும் என்று ஒத்துச் சொல்லப் பழகின. பழக்கினவர் நடுவத்தின் இணைப்பாளர் அருளம்பலம். அவரும் மூன்று குறி திருநீற்றோடுதான் நின்று பழக்கினார். நாளாக ஆக அவருடைய வாய் அதற்கு எவ்வளவு பழகிப்போனதென்றால், வீட்டில் மனுசி 'வரேக்கை வெங்காயம் வாங்கிவரவேணும்' என்று தொலைபேசியில் சொன்னாலும், 'எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்' என்றுதான் வைப்பாராம்.

ஜெசிதாவுக்கு அன்று முட்டை கிடைத்தது. திங்கட்கிழமை கிடைக்கவில்லை.

றஜிந்தன் பொழுதுபட வள்ளத்தில் போனால் விடியத்தான் வருவான். அவன் வரும்போது சூசைதாசன் கரைக்கடலில் அடைத்து வைத்த களங்கட்டியில் மீன் எடுக்கப் போயிருப்பார். அவர் திரும்பும்போது றஜிந்தன் நித்திரை. "எழுப்பினால் என்ன?" என்று லூர்த்தம்மா கேட்டாள். நித்திரையால் எழுப்பி வாங்குகிற சம்மதம் வற்புறுத்திப் பெற்ற சம்மதம், அது செல்லாது என்று ஜெயனி வருத்தத்தோடு சொன்னாள். அந்தச் சனம் கடலுக்குப் போகாத நாள் கோயில் நாள்தான். ஆகவே வயிற்றுப் பிள்ளைக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டும் பசிக்க வேண்டியிருந்தது.

கடல் இரைந்து ஒருவரும் போகாத வெள்ளிக்கிழமை ஒன்று வந்தது. நாலு பேரும் வீட்டில். லூர்த்தம்மா அவசரம் அவசரமாகக் கூட்டத்தைக் கூட்டினாள். மன்றாட்டுக்குச் சூசைதாசன் மட்டும் பதில் சொல்லவில்லை.

"தவக்காலத்து வெள்ளி. சுத்தபோசனம், இறைச்சி முட்டை ஆகாது. முட்டைக்கு நான் சம்மதிக்கமாட்டன்" என்றார்.

"பிள்ளைத்தாச்சிக்கு விலக்கு இருக்கெண்டு பங்குச் சாமியே சொன்னவர்."

"தின்னுறதுக்கு அவளுக்கு விலக்கு. சம்மதிக்கிறது நான். நான் பிள்ளைத்தாச்சியோ?"

வருசக்கணக்காகப் போட்டதைத் தின்றுவந்த மனுசனுக்கு ஒரு வாக்கைக் கையில் குடுத்தால் இப்படித்தான் நடக்கும். ஜெயனி, "ஆரோக்கியமான கருத்து வேறுபாடு" என்று பாராட்டிவிட்டுத் திறப்போடு போனாள். ஜெசிதா பாணுக்குச் சம்பலைத் தொட்டுத் தின்றாள். லூர்த்தம்மா அன்று முழுக்கப் புருசனோடு கதைக்கவில்லை.

அடுத்த கிளினிக்கில் மிஸி முகத்தைச் சுளித்தா. இரத்தம் ஏறவில்லை, இன்னும் இறங்கியிருந்தது. "முட்டை குடுக்கிறியளோ?" என்று கேட்டா. "ஏகமனதா இருந்தால் குடுக்கிறம், மிஸி" என்று லூர்த்தம்மா உண்மையைச் சொன்னாள். மிஸி அவளை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு, அடுத்த முறையும் இப்படி வந்தால் வீட்டுக்கு விடமாட்டன் என்றா.

அன்றைக்கே லூர்த்தம்மா பட்டணத்துக்கு பஸ் ஏறினாள். மாடிப்படி ஏறி மூச்சு வாங்கிக்கொண்டு அருளம்பலத்தின் முன்னால் நின்றாள். அவர் மிக மரியாதையாகக் கதிரை காட்டினார்.

"ஐயா, என்ரை பிள்ளைக்கு இரத்தம் காணாது. அந்தப் பெட்டியை ஒருக்காத் திறந்து விடுங்கோ. நாங்கள் அவிச்சுக் குடுக்கிறம்."

அருளம்பலம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அம்மா, நீங்கள் ஒண்டை விளங்கிக்கொள்ள வேணும். நாங்கள் முட்டை குடுக்கிற ஆக்கள் இல்லை. முட்டை ஆரும் குடுப்பினம். கோழியும் குடுக்கும். முட்டையைப் பற்றிச் சேர்ந்திருந்து சிந்திக்கிற ஆற்றலைக் குடுக்கிற ஆக்கள் நாங்கள்."

"அந்த ஆற்றலை அவிச்சுக் குடுக்கலாமோ, ஐயா?"

அவள் நையாண்டிக்குக் கேட்கவில்லை. தெரியாமல்தான் கேட்டாள். அவரும் அப்படியே எடுத்துக்கொண்டு பதில் சொன்னார். "பசி எண்டது ஒரு உணர்ச்சி, அம்மா. உணர்ச்சிவசப்பட்டுச் சாப்பிடக்கூடாது. எங்களைப் பாருங்கோ, நாங்கள் இஞ்சை ஒருத்தரும் பசியிலை சாப்பிடுறேல்லை. பன்னிரண்டரைக்குச் சாப்பிடுறம்."

ஆனாலும் அவர் ஈரநெஞ்சுக்காரர். ஒரு வழி சொன்னார். கொழும்பிலிருந்து பணிப்பாளர் லியோன் வருகிறார். கொழும்புத்துறை முறையை அது பிறந்த வீட்டிலேயே வந்து பார்க்க ஆசைப்படுகிறார். அவர் முன்னிலையில் ஒரு நிரந்தரத் தீர்மானம் ஏகமனதாக நிறைவேறினால், பேறு வரைக்கும் நாளுக்கு ஒரு முட்டை, கூட்டமே தேவையில்லை.

லூர்த்தம்மாவுக்குக் கால் நிலத்தில் பாவவில்லை. வீட்டுக்கு வந்து சூசைதாசனின் முன்னால் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். "இஞ்சருங்கோ, அண்டைக்கு மட்டும் வாயைத் திறக்காமல் இருந்தியளெண்டால், பிறகு சாகும்வரைக்கும் கறிக்கு உப்புக் குறையாது." சூசைதாசனுக்கும் மகளின் முகம் தெரியாமல் இல்லை. "திறக்கவேண்டிய இடத்திலை திறக்கிறன்" என்றார்.

பணிப்பாளர் வந்த நாள் வியாழக்கிழமை. அதற்காக ஆண்கள் இருவரும் கடலுக்குப் போகவில்லை. ஆகவே வீட்டில் கறியும் இல்லை. வளவில் பந்தல், பதாகை, பிளாஸ்ரிக் கதிரை எல்லாம் வந்து இறங்கின. கதிரையை நிரப்புவதற்கு அன்பியத்துப் பெண்கள் எல்லாரையும் கூப்பிட்டிருந்தார்கள். பெட்டியை முதல்நாளே சோதனைக்கென்று கொண்டுபோய், புதிதாக வெள்ளையடித்து, மேசையில் பூவுக்கு நடுவில் வைத்திருந்தார்கள். விருந்தினரின் மேசையில் சிற்றுண்டித் தட்டுகள். றோல்ஸ், கட்லட், கேக். குடும்பத்துக்கு ஒன்றும் குடுக்கவில்லை. வெளிச் சாப்பாடு ஆய்வைக் கலக்கும்.

ஜெசிதாவை முன்வரிசையில் இருத்தியிருந்தார்கள். காலமை ஒரு பிளேன்ரீ குடித்ததோடு சரி. வெயில் ஏற ஏற அவளுடைய உதடு வெளுத்துக்கொண்டு வந்தது. லூர்த்தம்மா சேலைத் தலைப்பால் விசிறிக்கொண்டே இருந்தாள்.

முதலில் அருளம்பலம் பேசினார். "நாங்கள் வரும்போது இந்த வீட்டில் ஒரு கூட்டமும் நடந்ததில்லை. சாப்பாடு தானாகவே வந்து, தானாகவே முடிந்தது. இன்றைக்குப் பாருங்கள், ஒரு முட்டைக்கு முன்னால் நான்கு பேர் ஒரு மணித்தியாலம் இருந்து சிந்திக்கிறார்கள். முட்டை நுகர்வு குறைந்திருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் முட்டையின் மேலுள்ள மரியாதை கூடியிருக்கிறது." எல்லாரும் கை தட்டினார்கள்.

பிறகு தீர்மானம். லூர்த்தம்மா எழும்பி மன்றாட்டைச் சொன்னாள். றஜிந்தன், ஜெசிதா, சூசைதாசன் மூன்று பேரும் பதில் சொன்னார்கள். சூசைதாசனின் குரல்தான் எல்லாரிலும் பெலமாக இருந்தது. லூர்த்தம்மா அவரை நன்றியோடு பார்த்தாள். ஜெயனி கழுத்துச் சங்கிலியில் கை வைத்தாள்.

அந்த நேரம் பணிப்பாளர் லியோன் கையை உயர்த்தினார்.

"மிக அழகான காட்சி. ஆனால் என் மனத்தில் ஒரு கேள்வி" என்று ஒலிவாங்கியை எடுத்தார். அவர் பேசியது கொழும்பில் பக்குவமாக வளர்த்த தமிழ். "இந்த முட்டையின் உண்மையான பயனாளி யார்? வயிற்றில் இருக்கும் குழந்தை. அந்தக் குழந்தையின் கருத்தை யாராவது கேட்டீர்களா? குரலற்றவர்களின் குரல் என்று எங்கள் பதாகையிலேயே எழுதியிருக்கிறோம். குரலற்ற ஒருவரை வெளியே வைத்துவிட்டு ஏகமனது என்று சொல்ல என் மனச்சாட்சி இடம் தரவில்லை. பயனாளி நேரில் கலந்துகொள்ளும் வரைக்கும் இந்தத் தீர்மானத்தை ஒத்திவைப்போம்."

நடுவத்து ஆட்கள் எழுந்து நின்று கை தட்டினார்கள். இவ்வளவு ஆழமாக ஒருவரும் யோசித்ததில்லை. அருளம்பலம் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"ஒத்திவைக்கிறதெண்டால் எப்ப வரைக்கும்?" என்று லூர்த்தம்மா ஜெயனியின் காதுக்குள் கேட்டாள்.

"பிள்ளை பிறந்து... கை தூக்கிற அளவுக்கு வரும்வரைக்கும், அம்மா."

"தங்கச்சி, அவளைப் பார். இப்ப விழுந்துபோவாள். இண்டைக்கு ஒண்டைத் தா. பெட்டியைத் திற."

ஜெயனி சங்கிலியை விரலில் சுற்றிக்கொண்டு குனிந்தாள். கெட்ட பிள்ளை இல்லை, அவளுக்குப் பொய் வராது. "பெட்டிக்குள்ளை ஒண்டும் இல்லை, அம்மா. பழுதாப் போயிடும் எண்டு நேற்று எடுத்து றோல்ஸுக்குக் குடுத்தாச்சு. அது முட்டை றோல்ஸ்."

லூர்த்தம்மா பெட்டியையும் றோல்ஸ் தட்டையும் மாறிமாறிப் பார்த்தாள். "அதுக்கு ஆர் தீர்மானம் எடுத்தது?"

"அதுக்கு என்னத்துக்கு அம்மா தீர்மானம்? விருந்தினருக்குப் பசிக்குமெல்லோ" என்றாள் ஜெயனி. சொல்லி முடித்தபிறகுதான் தான் சொன்னது அவள் காதிலேயே விழுந்தது. முகம் சிவந்துபோனாள்.

லூர்த்தம்மா நேரே நடந்துபோனாள். பணிப்பாளர் ஒரு றோல்ஸைக் கையில் எடுத்திருந்தார். அதை அவருடைய கையிலேயே விட்டுவிட்டு, மிச்சத்தைத் தட்டோடு தூக்கிக்கொண்டு வந்து ஜெசிதாவின் மடியில் வைத்தாள். இத்தனை நாளும் பூட்டைப் பார்த்துப் பார்த்து விளக்கேற்றியிருக்கிறாள், அவ்வளவு விசர்.

"அம்மா, ஒழுங்குமுறை" என்று அருளம்பலம் பதறி எழும்பினார். "தீர்மானம் இல்லாமல் ஒன்றும் செய்யக்கூடாது."

லூர்த்தம்மா நிமிர்ந்து நின்றாள். கையைக் குவித்தாள். பந்தலில் இருந்த சனத்தை ஒருக்காப் பார்த்துவிட்டு, கோயிலில் சொல்கிற அதே இழுவையில், நல்ல பெலமாகத் தொடங்கினாள்.

"இந்தத் தட்டில் இருக்கிற முட்டையெல்லாம் எங்கள் மகள் ஜெசிதாவுக்கும் அவள் வயிற்றுப் பிள்ளைக்கும் உரியவை என்று, ஆண்டவரே உம்மை மன்றாடுகிறோம்."

"ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்றது பந்தல் முழுதும். அன்பியத்துப் பெண்கள் சொன்னார்கள். ஐரிஸ் அக்கா எல்லாருக்கும் மேலாகச் சொன்னா. ஜெயனி சொன்னாள். வாய்க்குள் றோல்ஸோடு பணிப்பாளர் லியோனும் சொன்னார், சின்னனில் பழகினது எங்கே போகும். கடைசியாக, கையை நீட்டித் தடுக்க வந்த கோலத்திலேயே, அருளம்பலத்தின் வாய் அவரைக் கேட்காமல் அதைச் சொல்லி முடித்தது.

எதிர்த்து ஒருவரும் இல்லை. லூர்த்தம்மா ஒரு றோல்ஸைப் பிய்த்து, உள்ளே இருந்த முட்டையை எடுத்து மகளின் வாயில் வைத்தாள். ஜெசிதா வழக்கம்போல அதைப் புருசனிடம் நீட்டப் போனாள். லூர்த்தம்மா அவளுடைய கையில் ஒரு தட்டுத் தட்டினாள். ஜெசிதா தின்றாள். றஜிந்தன் மற்றப் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்தான். சூசைதாசன் தட்டைப் பார்க்காமல் கடல் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு துண்டும் தன்னிடம் வந்துவிடக் கூடாதே என்று கையைப் பின்னால் கட்டியிருந்தார்.

இரண்டாவது முட்டையில் ஜெசிதா வயிற்றில் கையை வைத்து, "அம்மா, உதைக்குது" என்றாள்.

அருளம்பலம் உடனே பேனையை எடுத்தார். ஒழுங்குமுறை கைநழுவிப் போன அந்த நேரத்தில் அவருக்குப் பிடித்துக்கொள்ள ஏதோ ஒன்று கிடைத்துவிட்டது. பணிப்பாளரை ஒருமுறை பார்த்துவிட்டு, மிகுந்த பணிவோடு லூர்த்தம்மாவிடம் கேட்டார்: "ஆதரவாகவோ, எதிராகவோ?"

"காணாதெண்டு சொல்லுது. எழுதுங்கோ, ஐயா" என்று சொல்லிவிட்டு, லூர்த்தம்மா அடுத்த றோல்ஸைப் பிய்த்தாள்.